கைமாற்று

கடலுக்கு மேலே செங்குத்துக் கரையில்
கண்ணாடிச் சுவர் வைத்த உணவகம்.
லீமாவின் ஆகஸ்ட்.
மழை என்று சொல்ல முடியாத ஈரம்
கண்ணாடியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.
வாசலில் கோட்டை வாங்கிக்கொண்ட பையன்
கிழிந்த உள்துணியைப் பார்க்காததுபோல் மடித்தான்.
அதற்கும் சேர்த்துத்தான் விலை போலும்.

நேலிதா முன்பே வந்துவிட்டாள்.
முப்பத்து நான்கு வருடம்.
தலை முழுக்க வெள்ளை, சாயம் பூசவில்லை.
"நீ குண்டாகவே இல்லையே" என்றாள்
குறை சொல்வதுபோல.

முதலில் வந்தது தட்டா கல்லா தெரியவில்லை.
கறுப்பாக ஏதோ ஒன்றின்மேல்
ஐந்து துண்டு பச்சை மீன்,
விளக்கொளி ஊடுருவும் மெலிசு.
பரிமாறியவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஒப்பித்தான்:
நம் மஞ்சள் மிளகாய்,
மூன்று வருடம் ஊறிய மிசோ,
இரண்டு கரைகள் பேசிக்கொள்கின்றன, சென்யோரா.

அவன் நகரும்வரை பொறுத்திருந்தாள்.
"எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் செவ்வாய்க்கிழமை."
செவ்வாய்தோறும் அவள் அப்பா ஹிகா
மளிகைக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு
துறைமுகத்தில் விலைபோகாத மீனை வாங்கி வருவார்.
சோயா இருந்தால் சோயா,
இல்லாவிட்டால் எலுமிச்சை.
மிளகாய் எப்போதும்.

சிரித்தேன்.
சிரித்தபடியே கணக்கும் போட்டேன்.

தொண்ணூறாம் வருடம்.
காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை
விற்ற ரொட்டி.
பை நிறையப் பணம், வீடு நிறையப் பசி.
மறுநாள் தையல் மிஷின் வாங்க வைத்திருந்த
நாற்பது லட்சம் இன்டியை
செய்தித்தாளில் சுற்றி அவள் கையில் வைத்தேன்.
ஜப்பான் டிக்கெட்டுக்கு அவ்வளவுதான் குறைந்தது.
கைமாற்று என்றாள்.
கிறிஸ்துமஸுக்குள் என்றாள்.
அடுத்த வருடம் அரசாங்கம்
பத்து லட்சம் இன்டியைச் சுருட்டி
ஒரே ஒரு சோல் ஆக்கியது.

இரண்டு கடிதம் வந்தது.
கார் உதிரிபாகத் தொழிற்சாலை, பன்னிரண்டு மணி நேரம்,
இன்னொருத்தி எழுந்துபோன சூடு ஆறாத படுக்கை.
அதோடு சரி.

அடுத்து கினி எலி, பீக்கிங் பாணியில்.
மொறுமொறுத்த தோல்,
பஞ்சுபோல் விரல் நீள ரொட்டிக்குள்.
என் அம்மாவின் அடுப்படியில் ஓடித் திரிந்தவற்றுக்குப்
பெயர் வைக்கக் கூடாது என்பது சட்டம்.
இங்கே அதன் பெயரே மூன்று வரி.

"அங்கே மேஸ்திரிக்கு என் பெயர் பிடித்திருந்தது,
வாயைத் திறந்ததும் பிடிக்கவில்லை"
என்று சொல்லிக்கொண்டே
தன் பங்கிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து
கேட்காமலே என் தட்டில் வைத்தாள்.
டைப்ரைட்டிங் வகுப்புக்கு வெளியே
தள்ளுவண்டியில் வாங்கிய மாட்டு நெஞ்சுக் கறியில்
கடைசித் துண்டை வைப்பாளே,
அதே கை.
எனக்குத்தான் விழுங்க நேரமானது.

பிறகு ஏதோ நுரை வந்தது.
உருளைக்கிழங்கு என்றார்கள்.
நம்பினோம்.

பில் அறுநூற்று நாற்பது சோல்.
அட்டையைக் கொடுத்தாள்.
கொடுத்துவிட்டு, கைப்பையின் அடியில் துழாவி
நான்கு நாணயங்களை எடுத்தாள்.
கறுப்புக் கல்லில் என் பக்கமாக
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"கணக்கு சரிதானே?"

"வட்டி?" என்றேன்.

"வட்டியைத்தானே இவ்வளவு நேரம் தின்றாய்."

சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக.
அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.
துடைத்த வாயையே மறுபடி துடைத்தாள்.
நான் மூடிய கண்ணாடிக்கு அப்பால்
இல்லாத கடலைப் பார்த்தேன்.

வாசலில் இறுகக் கட்டிக்கொண்டோம்.
அடுத்த செவ்வாய் என் வீட்டுக்கு வா என்றேன்.
வருகிறேன் என்றாள்,
கிறிஸ்துமஸுக்குள் என்று சொன்ன அதே குரலில்.

பஸ்ஸில் இரண்டு நாணயம் கொடுத்தேன்.
நடத்துனர் அரை சோல் திருப்பித் தந்தான்.
மிச்சத்தைக் கோட்டுப் பையில் போட்டேன்.
உள்துணிக் கிழிசலில் நழுவி
அடி விளிம்புக்குப் போய்விட்டன.
இறங்கி வீடு வரும்வரை
ஒவ்வொரு எட்டுக்கும்
முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தன.